மதியோ என்று கேட்ட மத்தியானம்

மைனி,

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி வைப்பதற்குள் நெய்யில் போளி சூடாகிற வாசம் மூக்கில் ஏறிவிட்டது. உடனே உங்கள் முகம் வந்து நின்றது. நல்ல வாசனைக்கு நல்ல மனிதர்கள் யாராவது ஞாபகம் வரக்கூடாதா? எனக்கு நீங்கள்தான் வருகிறீர்கள். மூக்கைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நேற்று உங்கள் முதல் வருஷத் திதி முடிந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வெளியில் போய்ச் சாப்பிடுவோம் என்று அண்ணாச்சிதான் கிளப்பினார். நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு யோசனை வந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவைக்குத்தான் வரப்போகிறேன்.

அண்ணாச்சி, நான், உங்கள் தம்பி, எங்கள் மகள் மதி. நாலு பேரும் அதே ஓட்டலில், சுவரோரத்தில் அதே நீள மேஜையில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். சோற்றுப் பாத்திரத்தோடு ஒரு ஆள் வந்து எனக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு, குனிந்து, "மதியோ?" என்று கேட்டான்.

பசி போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம் நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு வருஷத்துக் கோபம் ஆவி பறக்க எழுந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் மதியிடம் நோட்டும் பேனாவும் கேட்டேன். யாருக்கு லெட்டர் என்றாள். உன் அத்தைக்கு என்றேன்.

"அத்தைதான் போய்ட்டாங்களேம்மா."

"அதாம்ளா இப்ப எழுதுதேன். எதிர்த்துப் பேச மாட்டாங்கல்லா."

எழுத்துப் பிழையைத் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். எழுதுகிறவள் ஐந்தாம் வகுப்பு, வாசிக்கிறவர் எட்டாம் வகுப்பு. நமக்குள் எதற்குத் திருத்தம்?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை கேளுங்கள். இத்தனை வருஷமும் ஊரெல்லாம் உங்கள் வாயால்தான் கேட்டிருக்கிறது.

வள்ளியூர்ப் பக்கம் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் நான். உங்கள் தம்பி கொத்தனார் வேலை. எங்களுக்கு ஒரே பெண். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, இந்தத் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் படிக்க இடமும் வாங்கிவிட்டாள். விஷயத்தைப் போனில் சொன்னபோது நீங்கள் சொன்ன முதல் வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "புல்லப் பத்திப் படிக்கவா காலேஜு? மாடு படிக்காமலே தின்னுதே." நான் அதற்குச் சிரித்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். உங்கள் வீட்டில் அதைப் பைத்தியம் என்பீர்கள், என் அம்மா வீட்டில் அதைக் குணம் என்பார்கள்.

சனிக்கிழமை பெற்றோர் வந்து கல்லூரியையும் விடுதியையும் பார்க்கலாம், திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் வந்து உங்கள் வீட்டில் பையை வைத்தோம். நீங்களும் குடையை எடுத்துக்கொண்டு எங்களோடு கல்லூரிக்கு வந்தீர்கள். வழி காட்ட வருகிறீர்கள் என்று நினைத்தேன். வழி மறிக்க வந்திருக்கிறீர்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

அந்தக் கல்லூரியில் ஒரு பெரிய அறை. காய்ந்த இலைகளையும் பூக்களையும் காகிதத்தில் ஒட்டி, கீழே பெயர் எழுதி, அலமாரி அலமாரியாக வைத்திருந்தார்கள். மதி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் கல்யாணப் புடவையைத் தேர்ந்தெடுக்க நான்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. வா போவோம் என்று கையைப் பிடித்தேன். "அம்மா, இதெல்லாம் நம்ம வாய்க்கால் கரையில நிக்கிற செடிதாம்மா. இங்க எல்லாத்துக்கும் பேரு எழுதி வச்சிருக்காங்க" என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் இனி ஊருக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றப்போவதில்லை என்று.

விடுதி அலுவலகத்தில்தான் முடிச்சு விழுந்தது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் விடுதியில் இடமில்லை. லோக்கல் கார்டியன் என்றார்கள். என் காதில் லோக்கல் கார்டன் என்று விழுந்தது. செடி படிக்கிற பிள்ளை தோட்டமும் வைக்க வேண்டுமாக்கும் என்று நினைத்து, எங்களுக்கு அவ்வளவு இடமில்லையே என்றேன். அலுவலகத்து அம்மா சிரித்தார்கள். நீங்கள் அவர்களைவிட அதிக நேரம் சிரித்தீர்கள்.

இந்த ஊரில் எங்களுக்கு இருந்த ஒரே சொந்தம் உங்கள் வீடு. விடுதி இல்லையென்றால் கல்லூரி இல்லை. கையெழுத்து இல்லையென்றால் விடுதி இல்லை. உங்கள் பேனாமுனையில் என் மகள் நின்றாள். அது உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு உங்கள் தம்பியிடம் மெதுவாக எடுத்துவிட்டீர்கள். கையெழுத்துப் போட ஒன்றுமில்லையாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை வேண்டுமாம். மதியை உங்கள் மகனுக்குக் கொடுக்கிறோம் என்ற வார்த்தை. முறைதானே, ஆவணியில் நிச்சயம் வைத்துவிடலாம், பிறகு படிக்கிறதைப் பற்றிப் பார்க்கலாம். உங்கள் மகன் அப்போது சாலைக் கடைவீதியில் உங்கள் பாத்திரக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் குக்கரைக் காட்டாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலிடெக்னிக்கில் இரண்டு தடவை சேர்ந்து இரண்டு தடவையும் நின்றவன். அவனையும் இந்தக் காலேஜிலேயே சேர்த்துவிடுங்கள் மைனி, இரண்டு பேரும் ஒன்றாகப் போய் வரட்டும் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் தம்பி அக்கா முன்னால் எப்போதும்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எல்லாரும் ஓட்டலுக்குப் போவோம், அங்கே வைத்து முடிவைச் சொல்லிவிடு என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு பேரும் வந்து உட்கார்ந்தோம். ஒரு பக்கம் நீங்கள், அண்ணாச்சி, உங்கள் மகன். எதிரே நாங்கள் மூன்று பேர். மதியின் மடியில் அவளுடைய பை, பைக்குள் அந்தக் கையெழுத்துத் தாள். நீங்கள் ஆறு சாப்பாட்டுக்கு, ஆறு ஊணு என்று மலையாளத்தில் கம்பீரமாகச் சொன்னீர்கள். நீங்களும் எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயிலேறி வந்தவர்தான். ஆனாலும் எங்களைப் பற்றிப் பேசும்போது, இந்த ஊர்க்காரர்கள் தமிழரை இளக்காரமாகச் சொல்கிற பாண்டி என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்வீர்கள். அன்றைக்கும், "பாண்டிக்காரங்களுக்கு நம்ம ஊணு பிடிக்குமோ என்னவோ" என்று ஆரம்பித்தீர்கள். நாங்கள் பாண்டி, நீங்கள் இந்த ஊர்ப் பத்மநாபசாமியோடு கூடப் பிறந்தவர்.

பரிமாறியவர் கொஞ்சம் வயசான ஆள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார். மதிக்கு ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "மதியோ?" என்றார்.

இவள் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, அவருக்கு எம் பேரு தெரிஞ்சிருக்கு" என்று என் காதில் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, "ஆமா, மதி" என்று தலையாட்டினாள். அவர் நகர்ந்துவிட்டார். நான் உள்ளே வரும்போது அவளைக் கத்திக் கூப்பிட்டிருந்தேன், அதைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். காலேஜில் சேர்வதற்கு முன்னாலேயே ஊரெல்லாம் உன் பெயர் தெரிந்துவிட்டது என்று அவளைச் சீண்டினேன்.

பருப்பு வந்தது. ஒரு கரண்டி. "மதியோ?" மதி என்றாள். போய்விட்டார். அவியல் வந்தது. ஓரத்தில் ஒரு துளி வைத்துவிட்டு, "மதியோ?" மரியாதையாக மறுபடியும் மதி என்றாள். இந்த ஊரில் எத்தனை தடவை பெயர் கேட்பார்கள் என்று அவளுக்கே ஆச்சரியம். எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மதி, அப்பளத்தை அப்புறம் நொறுக்கு என்று அவளிடம் சொன்னேன். வாளி நடுவிலேயே நிமிர்ந்துவிட்டது. உங்கள் தம்பி, மதி, தண்ணி குடிச்சுக்கோ என்றார். அவருக்கு வந்துகொண்டிருந்த தோரன் பொரியல் அப்படியே திரும்பிப் போனது. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி மதி மதி என்று சொல்ல, எங்கள் பக்கம் வருகிற ஒவ்வொரு பாத்திரமும் பிரேக் போட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

நாகர்கோவில்காரி என்றால் அந்த வார்த்தை புரிந்திருக்கும். வள்ளியூர் தாண்டாதவளுக்கு எப்படிப் புரியும்? உங்கள் ஊரில் சாப்பாட்டைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களே மைனி என்றேன். நீங்களும் உங்கள் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தீர்கள். வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தீர்கள். நான் சொன்ன ஜோக்குக்கு நீங்கள் சிரித்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு ஜோக் சொன்னேன் மைனி. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

உங்கள் இலையில் மூன்றாவது தடவையாகச் சோறு விழுந்தது. மதியின் இலையில் பருப்பு மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் எல்லாரும் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார்கள் போல, கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று, விரலால் நக்கி நக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையை மடக்கி வைத்திருந்தாள். காலையில் உங்கள் வீட்டிலும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் திங்கட்கிழமை பயம்.

போளியும் பால் பாயசமும் வந்தன. பெரியவர் மதியின் இலைக்குக் குனிந்தபோது நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள்.

"அவளுக்கு வேண்டாம் கேட்டோ. அவதான் மதின்னு சொல்லிட்டாளே." பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினீர்கள். "இன்னுமா புரியல்ல? மதின்னா இந்த ஊர்ல போதும்னு அர்த்தம். பெத்தவங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிள்ளைக்குப் போதும்னு பேரு வச்சிருக்கீங்க. பின்னே எதுக்கு மேல மேல படிப்பு? பன்னெண்டு வரைக்கும் படிச்சது மதி. தம்பி, நீ சொல்லுடே. ஆவணியில வச்சுருவோமா?"

உங்கள் மகன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன் மைனி. பழக்கதோஷம். யாராவது ஒரு வார்த்தையைத் திருப்பிப் போட்டால் என் வாய் என்னைக் கேட்காமல் சிரித்துவிடும். பாதிச் சிரிப்பில் மதியின் இலை கண்ணில் பட்டது. அவளும் அப்போதுதான் தன் இலையைக் குனிந்து பார்த்தாள். பிறகு உங்கள் இலையைப் பார்த்தாள். முதல் கரண்டியிலிருந்தே உங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை சாப்பிட்டிருக்கும். சொல்லாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

பரிமாறுகிறவருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் போலிருக்கிறது. பாயசப் பாத்திரத்தை மேஜையில் இறக்கி வைத்துவிட்டார். "அய்யோ மோளே, வயறு நெறஞ்ஞுன்னல்லே ஞான் நெனச்சது" என்றார். வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்தாராம். அந்த மனிதர் முகத்தில் இருந்த வருத்தத்தில் பாதி உங்கள் முகத்தில் இருந்திருந்தால் இந்த லெட்டருக்கே வேலை இருந்திருக்காது.

மதி அவரிடம் கேட்டாள். "போதலன்னா எப்படிச் சொல்லணும்?"

"மதியாயில்ல. அங்ஙனெ பறஞ்ஞா மதி." அப்படிச் சொன்னால் போதுமாம்.

இவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. உங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை, மதியாயில்ல."

அதுதான் என் மகள் பேசிய முதல் மலையாளம்.

பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சோறு, பருப்பு, நெய், அவியல், தோரன், சாம்பார். ஒவ்வொன்றுக்கும் "மதியோ?" ஒவ்வொன்றுக்கும் "மதியாயில்ல." அவர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு பரிமாறிக்கொண்டே போனார். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். என் கல்யாணப் பந்தியில் முதலில் எழுந்ததற்காக உங்கள் தம்பியை ஊருக்கு முன்னால் வைத்துத் திட்டியவரும் நீங்கள்தான். அதனால் உங்களாலும் எழ முடியவில்லை. எச்சில் கை காய்ந்து வெடிக்க, எதிரே ஒரு சின்னப் பெண் ஒரு பந்திச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அவள் பசிக்குச் சாப்பிடவில்லை. பாதிக்கு மேல் அவளுக்கு இறங்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஜோக் சொல்லாமல் இருந்த அரைமணி நேரம் அதுதான்.

நீங்கள் விடுகிறவரா? அந்த அரைமணி நேரத்தையும் உங்கள் தம்பியிடம் செலவு செய்தீர்கள். வார்த்தை சொல்லு, வார்த்தை சொல்லு என்று நச்சரித்தீர்கள். அவர் இலையையே பார்த்தார். "அக்கா..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக உங்களிடம் அவர் சொல்கிற அதே சரி.

அதற்குள் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்துவிட்டார். மதி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பந்தி முடியவில்லை, இந்த மனிதர் எழுந்து போய்க் கையைக் கழுவி, வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மதியின் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பேப்பர எடு மோளே."

அவள் வலது கையில் சாம்பார். நான்தான் பையைத் திறந்து தாளை எடுத்தேன். தம்ளர் வைத்திருந்த இடத்தின் ஈரத்தைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுத் தாளை விரித்தார். எங்கே போட வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். அவர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடை போர்டில்கூட உங்கள் பெயர்தானே இருந்தது.

"யாரக் கேட்டுப் போடுதீங்க?" என்றீர்கள்.

"பிள்ள மதியாயில்லன்னு சொன்னது உன் காதில விழல்லியா?" என்றார். பேனா மூடியைத் திருகிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நீங்கள் எழுந்தீர்கள். சாப்பாடு திருப்தி என்றால் இலையை நம் பக்கமாக மடித்து மூட வேண்டும் என்பார்கள். நீங்கள் மூடவில்லை. போளியும் பாயசமும் அப்படியே திறந்து கிடக்க, கையைக்கூடக் கழுவாமல் வெளியே போய் ஆட்டோ பிடித்துவிட்டீர்கள். உங்கள் மகன் பின்னால் ஓடினான். அன்றைக்குச் சாயங்காலம் மதி உங்கள் வீட்டுக் குளியலறையில் சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தாள். நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். மறுநாள் காலையில் அவள் கல்லூரியில் சேர்ந்தாள்.

உங்கள் வீட்டிலிருந்து விடுதி இரண்டு பஸ் நிறுத்தம்தான். அதற்குப் பிறகு ஒருநாள்கூட நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணாச்சி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போளிப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். சொந்தக்காரர் கல்யாணங்களில் நீங்கள் மதியைப் பார்த்தால் தம்பி மக என்பீர்கள். அந்த ஓட்டல் சாப்பாட்டுக்கு முன்னால் ஏ பிள்ளே என்பீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உங்கள் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து, அவர்கள் இரண்டு பேரும் துபாய்க்குப் போய்விட்டார்கள். அவன் கெட்டவனில்லை. உங்களுக்கு மகனாகப் பிறந்தான், வேறென்ன.

மதி படிப்பை முடித்தாள். இப்போது வித்துராவுக்குப் போகிற பஸ்ஸில் தினமும் ஏறி, அந்தப் பக்கம் ஒரு செடிப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். லோக்கல் கார்டன் என்று நான் அன்றைக்குச் சொன்னதற்கு நீங்கள் சிரித்தீர்களே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். நாங்களும் இங்கே அவளோடு வந்து குடியேறிவிட்டோம். பீடியை விட்டாயிற்று. மலையாளம் எனக்கும் கொஞ்சம் வருகிறது, ஆனால் நான் பேசினால் கடைக்காரர்கள் தமிழில் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

போன வருஷம் உங்களுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, நாக்கும் புரளாமல் போய், நீங்கள் படுத்துவிட்டதாக அண்ணாச்சி போன் பண்ணினார். நான் வரவில்லை. உங்கள் தம்பி வந்தார், அழுதார், போனார். நான் வரவில்லை. வராததற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மதி சாயங்காலம் பண்ணை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக உங்கள் வீட்டுக்குப் போய்க் கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் வருகிறாள் என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். வீட்டில் பெரிய சண்டை. உனக்குச் சோறு விழாததைப் பார்த்துச் சிரித்தவளுக்கா கஞ்சி ஊட்டுகிறாய் என்று கேட்டேன். அவள் சாவகாசமாக, "ஆமாம்மா, தினமும் ஒரு கிண்ணம்" என்றாள். இவளுக்கு வாய் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. நெஞ்சு யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை.

நீங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததுதான் இப்போது எனக்கும் அவளுக்கும் வழக்கு. அன்றைக்கு அவள் ஸ்பூனை உங்கள் வாய்ப் பக்கம் கொண்டுவரும்போது, இரண்டு மாதமாகத் தெளிவாக ஒரு வார்த்தையும் சொல்லாத நீங்கள், "மதி" என்றீர்களாம்.

அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாங்க என்கிறாள் இவள். போடி, கஞ்சி போதும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்கிறேன் நான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு போதும். கிண்ணம் காலியாக இருந்தால் போதும் என்று அர்த்தம். முதல் ஸ்பூன் என்றால் பெயர். அவ்வளவுதானே? கிண்ணத்தில் கஞ்சி எவ்வளவு இருந்தது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் மருந்துக்கடைக்குப் போயிருந்தாராம். தேவைப்படும்போது எழுந்து போய்விடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

இன்றைக்கு ஓட்டலிலும் விடவில்லை. பரிமாறுகிற ஆள் மதியிடம் வந்து, "மதியோ?" என்று கேட்டான். "மதி சேட்டா" என்று இந்த ஊர்ப் பெண்ணைப் போலச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இப்போதாவது சொல்லு, கிண்ணம் நிறைந்திருந்ததா, காலியா என்றேன். இலையை அழகாக மடித்து மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

உங்கள் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை மைனி. அதைத் தூக்கிக்கொண்டு திரிவது ஒன்றும் பாரமில்லை, பழகிவிட்டது. அன்றைக்கு அந்த மேஜையில் நானும் சிரித்தேனே, அதுதான் கனக்கிறது. அந்தக் கனத்தைக்கூட இத்தனை நாளும் உங்களைத் திட்டித் திட்டித்தான் குறைத்துக்கொண்டிருந்தேன்.

போதும் என்றுதான் சொன்னீர்கள் என்றால் பழையபடி திட்டிக்கொண்டிருப்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தியிருப்பேன். இரண்டில் எது என்று சொல்லாமல் போய்விட்டீர்கள். உங்களை நிம்மதியாகத் திட்டக்கூட விடவில்லை நீங்கள்.

இலையை இன்னும் மூடாமல்,
உங்கள் தம்பி வீட்டுக்காரி